புழுவுக்குள் குளவி



சிதம்பரத்துக்காரர்களுக்கு ஓர் உவமையை நான் விளக்க வேண்டியதில்லை. குரு தன் சீடனைத் தன்னைப் போலவே ஆக்குவதைச் சொல்லும்போது, வேட்டுவன் குளவி புழுவைக் கொண்டுபோய் மண்கூட்டில் வைத்துக் கொட்டிக் கொட்டிக் குளவியாக்குவதைப் போல என்பார்கள். இதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. யாரோ ஒருவர் சுவரோரம் உட்கார்ந்து நாள்கணக்காகப் பார்த்திருக்கிறார். பச்சைப்புழு உள்ளே போனது. வாசல் மண்ணால் அடைபட்டது. சில வாரம் கழித்து அதே கூட்டை உடைத்துக்கொண்டு குளவி வெளியே வந்தது. பார்த்தது எல்லாம் சரி. குளவி உள்ளே வைத்த முட்டை மட்டும் கண்ணில் படவில்லை. கொட்டியது, புழு சாகாமலும் நகராமலும் கிடப்பதற்காக. முட்டையிலிருந்து வந்த இளம்புழு அதைத் தின்று வளர்ந்து குளவியானது.

வேட்டுவன் குளவி கூடு கட்ட வேண்டும், மண் சுமக்க வேண்டும், இரையைத் தூக்கி வர வேண்டும். இன்று நான் பேச வந்த குளவிகளுக்கு இந்த வேலை எதுவும் இல்லை. புழுவின் உடலையே கூடாகக் கொள்பவை இவை. இன்னும் சில, அந்துப்பூச்சி இட்ட முட்டைக்குள்ளேயே தம் முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும். பேனும் உண்ணியும் உடம்பில் ஒட்டி வாழ்ந்தாலும் பிழைக்க விடும். இந்தக் குளவிகளோ தாம் வளர்ந்த உடலை முடிவில் கொன்றே வெளியேறும். அதனால்தான் விவசாயிக்கு இவை வேண்டியவை.

கடலூர் மாவட்டத்துக் கரும்பு விவசாயிக்கு இவற்றில் ஒன்று நல்ல பழக்கம். நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்புப் பக்கம் கரும்புத் தோகையின் அடிப்புறத்தில் பின் அடித்த சிறு அட்டைத்துண்டைப் பார்த்திருப்பீர்கள். உடைத்த கம்பில் நெல் அந்துப்பூச்சியை வளர்த்து, அதன் முட்டைகளைச் சேகரித்து, உள்ளே கரு வளராதபடி புற ஊதா ஒளியில் வைத்து எடுத்து, பசை தடவிய அட்டையில் தூவி, அதன்மேல் டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்ற குளவியை விடுகிறார்கள். மூன்று நான்கு நாளில் முட்டைகள் கறுத்துவிடும். கறுத்தால் உள்ளே குளவி வளர்கிறது என்று பொருள். ஒரு சிசி அட்டையில் ஏறக்குறைய 20,000 முட்டைகள் இருக்கும். இடைக்கணுப் புழுவுக்கு, நான்காம் மாதம் தொடங்கி 15 நாளுக்கு ஒரு முறை, எக்டேருக்கு இரண்டரை சிசி வீதம் ஆறு முறை கட்டச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அட்டையிலிருந்து வெளியேறும் குளவியின் நீளம் அரை மில்லிமீட்டர்தான். புழு கரும்புக்குள் துளைத்துப் போய்விட்டால் எந்த மருந்தும் அதை எளிதில் எட்டாது. இந்தக் குளவி அதை முட்டையிலேயே முடித்துவிடுகிறது. அட்டை கட்டிய வாரத்திலேயே பூச்சிமருந்தும் அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய காவலை அன்றே கொன்றுவிடுகிறோம்.

அரை மில்லிமீட்டரைச் சிறியது என்று நினைக்க வேண்டாம். ஹவாயில் கண்டு 2000-இல் பெயரிடப்பட்ட கிகிகி ஹுனா என்ற குளவி 0.158 மில்லிமீட்டர். பறக்கும் பூச்சிகளில் அதைவிடச் சிறியது தெரியாது. அமெரிக்காவில் 1997-இல் விவரிக்கப்பட்ட டைகோபோமார்ஃபா எக்மெப்டெரிகிஸ் என்ற குளவியின் ஆண் 0.139 மில்லிமீட்டர், அதற்கு இறகும் இல்லை, கண்ணும் இல்லை. இலைப்பேனின் முட்டையில் வளரும் மெகாஃபிராக்மா மைமாரிபென்னியின் மூளை அமைப்பை ரஷ்ய ஆய்வாளர் போலிலோவ் 2012-இல் வெளியிட்டார். நரம்பு மண்டலம் முழுவதிலும் சுமார் 7,400 நரம்பணுக்கள்தான். தேனீக்கு ஏறத்தாழ பத்து லட்சம். அந்த 7,400-லும் கூட்டுப்புழுப் பருவத்தின் கடைசியில் 95 விழுக்காட்டுக்கு மேல் உட்கருவை இழந்துவிடுகின்றன. உட்கரு இல்லாத நரம்பணுக்களை வைத்துக்கொண்டு அது பறக்கிறது, இணை தேடுகிறது, ஓம்புயிரியின் முட்டையைக் கண்டுபிடிக்கிறது. உயிரியலில் நான் படித்த செய்திகளில் என்னை அதிகம் உலுக்கியது இது.

வீராணம் பாசனத்து நெல் வயலுக்கு வருவோம். அங்கே அட்டை கட்டாமலே இந்தக் குளவிகள் இருக்கின்றன. புகையான் தன் முட்டைகளை இலையுறைத் திசுவுக்குள் செருகி மறைத்து வைக்கும். அனாக்ரஸ் இனக் குளவிகள் அதைத் தேடிப் பிடித்து ஊசியை இறக்கும். தண்டுத் துளைப்பானின் முட்டைக் குவியலைத் தாய்ப்பூச்சி தன் மயிரால் மூடிவிட்டுப் போகும். டெலினோமஸும் டெட்ராஸ்டிகஸும் அப்படியும் அந்த முட்டைகளை எட்டிவிடும். ஆனைக்கொம்பன் ஈயை பிளாட்டிகாஸ்டர் ஒரைசே என்ற குளவி தாக்கும். அது வைக்கும் ஒரு முட்டையே பல கருக்களாகப் பிரிந்து, ஓர் ஆனைக்கொம்பன் புழுவிலிருந்து பல குளவிகள் வெளிவரும். நடவு முடிந்த சில வாரத்தில் இலைச்சுருட்டுப் புழுவைக் கண்டதும் மருந்தடித்த வயலில், பிறகு புகையான் பெருகுவது ஆசிய நாடுகள் பலவற்றில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. முட்டையைத் தின்னும் குளவியும் சிலந்தியும் முதலில் செத்துவிட, புகையானுக்கு வயல் திறந்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். புழுவின் முதுகிலோ பக்கத்திலோ அரிசி போல வெள்ளைக் கூடுகள் கொத்தாக ஒட்டியிருப்பதைப் பார்த்து, புழு முட்டை போட்டிருக்கிறது என்று நசுக்கிவிடுகிறோம். புழு முட்டை போடாது. அவை கோட்டீசியா போன்ற பிரகோனிட் குளவிகளின் கூட்டுப்புழுக்கள். புழுவின் உடலைத் தின்று தோலைத் துளைத்து வெளியே வந்து நூற்றவை. அந்தப் புழுவை அப்படியே விட்டுவிட்டால் வயலுக்கு நல்லது. இந்தக் குடும்பத்தின் ஒரு பிரிவு, முட்டையோடு வைரஸ் துகள்களையும் புழுவுக்குள் செலுத்துகிறது. புழுவின் எதிர்ப்புச் சக்தி அடங்கிவிடுகிறது. அந்த வைரஸின் மரபணுக்கள் குளவியின் மரபணுத் தொகுதிக்குள்ளேயே இருந்து தலைமுறைக்குத் தலைமுறை கடத்தப்படுகின்றன. சுமார் பத்துக் கோடி ஆண்டுக்கு முன் ஒரு வைரஸ் இந்தக் குளவிகளின் மூதாதையோடு இணைந்ததன் தொடர்ச்சி அது.

இத்தனை விதமான உயிர்களை எப்படிப் பிரித்து அடுக்குவது? எறும்பு, தேனீ, குளவி எல்லாம் சவ்விறகிகள் என்ற வரிசையில் அடங்கும். பெயரிடப்பட்டவை மட்டும் ஒன்றரை லட்சம். அவற்றுள் ஒட்டுண்ணிகளின் பங்கு பெரிது: இக்நியூமோனிட் குடும்பத்தில் 25,000-க்கு மேல், பிரகோனிட் குடும்பத்தில் 20,000-க்கு மேல், கால்சிட் மீக்குடும்பத்தில் 22,500-க்கு மேல். கால்சிட்களின் உண்மைத் தொகை 5 லட்சம் வரை போகலாம் என்று மதிப்பிடுபவர்கள் உண்டு. விலங்குகளில் வண்டினங்களே அதிகம் என்று பள்ளியில் படித்தோம். ஒவ்வொரு பூச்சிக்கும் அதற்கே உரிய ஒட்டுண்ணிக் குளவிகள் இருக்கும் என்பதைக் கணக்கில் கொண்டு, முதலிடம் சவ்விறகிகளுக்கே என்று 2018-இல் ஃபோர்ப்ஸும் அவர் குழுவினரும் வாதிட்டார்கள். எனக்கு அந்த வாதம் ஏற்புடையது.

கால்சிட்களில் நமக்குத் தெரிந்தவை, தெரியாமல் தெரிந்தவை என்று சொல்ல வேண்டும். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்போமே, அந்தப் பழத்துக்குள் இருப்பவை பெரும்பாலும் கால்சிட் குளவிகள். நம் ஊர் அத்திக்கு மகரந்தம் கொண்டுவருவது செரட்டோசோலென் ஃபுஸிசெப்ஸ் என்ற குளவி. அதுவும் கரும்புத் தோகையில் அட்டையிலிருந்து வரும் டிரைக்கோகிரம்மாவும் ஒரே மீக்குடும்பம்.

இந்தியாவில் இவற்றுக்குப் பெயர் வைத்தவர்களின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. கோயம்புத்தூரில் சென்னை மாகாணத்தின் பூச்சியியலாளராக இருந்த டி.வி. ராமகிருஷ்ண ஐயர் பயிர்ப் பூச்சிகளோடு அவற்றின் ஒட்டுண்ணிகளையும் வளர்த்தெடுத்துப் பதிவு செய்தார். தஞ்சையில் பிறந்த எம்.எஸ். மணி 1938-இல் இந்தியக் கால்சிட்களின் பட்டியலை நூலாக வெளியிட்டார். சுப்பா ராவும் அலிகர் முகமது ஹயாத்தும் 1985, 1986-இல் இந்தியாவுக்கும் அண்டை நாடுகளுக்கும் சேர்த்து அடையாளம் காணும் வழிகாட்டியை எழுதினார்கள். கள்ளிக்கோட்டையில் டி.சி. நரேந்திரன் தம் வாழ்நாள் முழுவதையும் இதற்குக் கொடுத்தார். நம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்தில் பேராசிரியர் எஸ். மாணிக்கவாசகமும் அவர் மாணவர்களும் மைமாரிடே என்ற மிகச் சிறிய குளவிகளின் குடும்பத்தை எடுத்துக்கொண்டு, இந்தியாவில் அதுவரை காணப்படாத பேரினங்களைப் பதிவு செய்தார்கள். அண்ணாமலை நகரில் நடந்த வேலை அது என்பதை இந்த ஊர் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

பெயர் வைப்பதால் விவசாயிக்கு என்ன லாபம் என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கரும்பு அட்டையில் இருக்கும் அதே குளவியை வைத்தே பதில் சொல்கிறேன். டிரைக்கோகிரம்மா என்ற பேரினத்தை வெஸ்ட்வுட் 1833-இல் நிறுவினார். சிற்றினங்களைப் பிரிப்பதற்கு நிறத்தையும் உணர்கொம்பின் மயிரையும் பார்த்தார்கள். நிறமோ வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்ப மாறும். உடலின் அளவோ எந்த முட்டையில் வளர்ந்தது என்பதைப் பொறுத்தது. விளைவு, நம் கரும்பு வயலின் குளவிக்கு எவனெஸென்ஸ் என்றும், மினுட்டம் என்றும், ஆஸ்திரேலியாவில் கிரோல்ட் 1912-இல் பெயரிட்ட ஆஸ்திரேலிகம் என்றும் மாறி மாறிப் பெயர் வந்தது. பெங்களூரில் இருந்த சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும் ஆண்குளவியின் இனப்பெருக்க உறுப்பைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றிப் பார்த்தால் சிற்றினங்கள் தெளிவாகப் பிரிகின்றன என்று 1971-இல் காட்டினார்கள். எந்தக் குளவி எதோடு கலந்து வளமான குஞ்சுகளைத் தருகிறது என்றும் சோதித்தார்கள். இந்தியாவின் 'ஆஸ்திரேலிகம்' ஆஸ்திரேலியக் குளவியே அல்ல என்று தெரிந்தது. 1976-இல் அதற்குக் கன்ஃபியூஸம் என்ற பெயர் வந்தது. 1979-இல், ஜப்பானில் இஷி 1941-இலேயே கைலோனிஸ் என்று பெயரிட்டது இதுவே என்று அவ்விருவரே நிறுவினார்கள். இன்று உலகம் முழுதும் டிரைக்கோகிரம்மா சிற்றினங்களைப் பிரிப்பதற்கு ஆண்குளவியின் உறுப்பே அடிப்படை. பெயர் உறுதியான பிறகுதான் ஓர் ஆய்வுக்கூடத்தின் சோதனை முடிவை இன்னோர் ஆய்வுக்கூடம் நம்பி எடுத்துக்கொள்ள முடிந்தது.

பெயர் தவறினால் எவ்வளவு காலம் வீணாகும் என்பதற்கு ஆப்பிரிக்கா சாட்சி. அங்கே 1970-களில் மரவள்ளியை ஒரு மாவுப்பூச்சி அழித்தது. கோடிக்கணக்கானோரின் உணவு அது. 1977-இல் ஃபெனகாக்கஸ் மனிஹோட்டி என்று பெயரிட்டார்கள். மரவள்ளியின் தாயகம் தென்னமெரிக்கா என்பதால் அங்கே தேடினார்கள். வடபகுதியில் அதே போன்ற மாவுப்பூச்சி கிடைத்தது, ஒட்டுண்ணிகளும் கிடைத்தன. அவை ஆப்பிரிக்கப் பூச்சியில் வளர மறுத்தன. பிறகு பார்த்தால் அது வேறு சிற்றினம். 1981-இல்தான் அதற்குத் தனிப் பெயர் கொடுத்தார்கள். உண்மையான மனிஹோட்டி அதே 1981-இல் பராகுவேயில் கிடைத்தது, அதோடு அனாகைரஸ் லோபெஸி என்ற குளவியும். அந்தக் குளவி ஆப்பிரிக்காவின் மரவள்ளியை மீட்டது; அந்தத் திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2020-இல் அதே மாவுப்பூச்சி கேரளத்தில் தென்பட்டுத் தமிழ்நாட்டு மரவள்ளிக்கும் பரவியபோது நாம் தேடி அலையவில்லை. பெனின் நாட்டிலிருந்து அதே குளவியை வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டார்கள். அதற்கு முன் 2008-இல் கோயம்புத்தூரில் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சிக்கும் 2010-இல் அசரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி வந்து தீர்வு தந்தது. அந்தக் குளவிக்கு 2003-இல்தான் பெயர் வைத்திருந்தார்கள். ஏழு ஆண்டு முன்னால் இருவர் உட்கார்ந்து விவரித்து வைத்திராவிட்டால் இறக்குமதி அனுமதியில் எழுதுவதற்குக்கூடப் பெயர் இருந்திருக்காது.

இனி இவற்றின் பழமைக்கு வருகிறேன். பாறையில் பதிந்த தடயங்கள் கால்சிட்களுக்கு அதிகம் உதவுவதில்லை. தும்பி, கரப்பான் போன்றவற்றுக்கு இறகின் நரம்புகளே அடையாளம். கால்சிட் இறகில் முன்விளிம்பை ஒட்டி ஒரே ஒரு நரம்பு, அவ்வளவுதான். அரை மில்லிமீட்டர் உடல் கல்லில் நசுங்கினால் என்ன மிஞ்சும்? மரப்பிசினில் சிக்கி அம்பராக இறுகியவைதான் முழு உடலோடு கிடைக்கின்றன. சிற்றொட்டுண்ணிகளைப் பற்றிய தொல்லுயிர்ச் செய்தி பெரும்பாலும் பர்மாவின் ஹுகாங் பள்ளத்தாக்கு அம்பர், லெபனான் அம்பர், பால்டிக் அம்பர் ஆகியவற்றிலிருந்து வந்தது. பர்மா அம்பர் சுமார் 9.9 கோடி ஆண்டுப் பழமையானது. லெபனான் அம்பர் அதைவிட முந்தியது.

இந்தியாவிலும் அம்பர் உண்டு. குஜராத்தில் சூரத் மாவட்டத்து வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் 5 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பிசின் கட்டிகளுக்குள் நூற்றுக்கணக்கான பூச்சிகள் கிடைத்ததை 2010-இல் அறிவித்தார்கள். பிசினைச் சுரந்தவை டிப்டிரோகார்ப் குடும்பத்து மரங்கள், நம் குங்கிலிய மரத்தின் உறவினர். இந்தியத் துணைக்கண்டம் தனித்தீவாக நகர்ந்து வந்தது என்பதால் அங்கே வேறெங்கும் இல்லாத பூச்சிகளே இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். கிடைத்தவை ஐரோப்பா, ஆசியப் பூச்சிகளோடு நெருங்கிய உறவுடையவை.

இதைப் படித்த நாளிலிருந்து என் மனம் நெய்வேலியைச் சுற்றுகிறது. நம் மாவட்டத்துப் பழுப்பு நிலக்கரியின் மெருகேற்றிய துண்டில் பிசின் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களைத் தாங்கியிருக்கும் அடுக்குக்கே கடலூர் மணற்கல் என்றுதான் புவியியலில் பெயர். அந்தக் கல்மரங்களில் டிப்டிரோகார்ப் மரங்களும் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. பிசின் சுரக்கும் மரம் இங்கே இருந்திருக்கிறது. மரம் இருந்த இடத்தில் பூச்சியும் இருந்திருக்கும். சுரங்கத்தில் கையளவு பிசின் கட்டி கிடைத்தால் அதை எரிக்கும் கரியோடு போகவிடாமல் எடுத்துப் பார்க்க ஆள் வேண்டும். இதை ஒரு வேண்டுகோளாகவே இங்கே வைக்கிறேன்.

அம்பர் காட்டுவது குளவியின் உருவத்தை. அது ஒட்டுண்ணியாக வாழ்ந்தது என்பதைப் பெரும்பாலும் ஊகிக்கத்தான் வேண்டும். பிரான்சின் கெர்சி பகுதியில், பாஸ்பேட்டாக மாறிக் கல்லான ஈக் கூட்டுப்புழுக்களை 1940-களில் ஹாண்ட்ஷின் என்ற பூச்சியியலாளர் ஆராய்ந்து, ஒன்றில் குளவி இருப்பதைக் கண்டிருந்தார். மூன்று மில்லிமீட்டர்க் கல்லை உடைத்துப் பார்க்கவும் முடியாது, விட்டுவிடவும் மனம் வராது. 2018-இல் ஒரு குழு 1,510 கூட்டுப்புழுக்களைச் சின்க்ரோட்ரான் ஊடுகதிரால் உடைக்காமலே படமெடுத்தது. 55-இல் குளவிகள் இருந்தன. ஈயின் தோலுக்குள், வெளிவரக் காத்திருந்த நிலையிலேயே கல்லானவை. நான்கு புதிய சிற்றினங்கள் அதில் அடையாளம் காணப்பட்டன. புழு போய்க் குளவி வரும் அந்தக் கணம், சிதம்பரத்து உவமை பேசும் அதே கணம், கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கல்லில் இருந்திருக்கிறது.

தொல்லுயிர்ச் சான்றும் மரபணுவும் சேர்ந்து கால்சிட்களின் வகைப்பாட்டையே இப்போது மாற்றிவிட்டன. இடம் தெரியாதவற்றை எல்லாம் டெரோமாலிடே என்ற ஒரே குடும்பத்தில் கொட்டி வைத்திருந்தோம். மாணவனாக இருப்பவன் அந்தக் குடும்பத்துத் திறவுகோலைக் கையிலெடுத்தாலே சோர்ந்துவிடுவான். பர்க்ஸ் தலைமையில் பல நாட்டு ஆய்வாளர்கள் 2022-இல் அதைப் பிரித்தார்கள். இருபதுக்குச் சற்று மேலாக இருந்த கால்சிட் குடும்பங்கள் ஐம்பது ஆயின. 2024-இல் வெளிவந்த மரபணுக் கிளைமரம், இந்த மீக்குடும்பம் சுமார் 16 கோடி ஆண்டுக்கு முன், ஜுராசிக் காலத்தில், தெற்குக் கோண்டுவானாவில் தோன்றியது என்று கணிக்கிறது. இந்தியாவும் கோண்டுவானாவின் துண்டுதான். இந்தக் குடும்பங்களின் இந்தியப் பிரதிநிதிகளை நாம் சேகரித்துக் கொடுக்காவிட்டால் கிளைமரத்தில் நம் பகுதி வெற்றாகவே இருக்கும்.

சேகரிப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை என்பதால் மாணவர்களுக்கு நேரடியாகவே சொல்கிறேன். அகலமான மஞ்சள் பிளாஸ்டிக் தட்டு, பாதி அளவு தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு சொட்டு சோப்புக் கரைசல். கொல்லையிலோ, வரப்பிலோ, பண்ருட்டி முந்திரித் தோப்பிலோ காலையில் வைத்து மறுநாள் காலையில் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பிச்சாவரம் போன்ற காட்டுப் பகுதி என்றால் வனத்துறையிடம் அனுமதி பெற்றுச் செய்யுங்கள். கிடைத்ததை எழுபது விழுக்காட்டுக்குக் குறையாத எத்தனாலில் போட்டு வையுங்கள். மரபணு ஆய்வுக்கு என்றால் முழுச் செறிவு எத்தனாலில் போட்டுக் குளிரில் வைக்க வேண்டும். அதைவிடச் சிறந்தது, புழுவையோ முட்டைக் குவியலையோ இலையோடு எடுத்து வந்து, பஞ்சால் அடைத்த குழாயில் வைத்து, எது வெளிவருகிறது என்று பார்ப்பது. தட்டில் விழுந்த குளவி எதில் வளர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. முட்டையிலிருந்து வெளிவந்த குளவிக்கு அதன் வரலாறும் சேர்ந்தே கிடைக்கிறது.

புதியது என்று உறுதியானால் அதன் மூல மாதிரியை வீட்டு அலமாரியில் வைக்காதீர்கள். கொல்கத்தா விலங்கியல் அளவைத் துறை, டில்லி பூசா தேசியச் சேகரிப்பு, பெங்களூர் பூச்சி வளங்கள் நிறுவனம் ஆகியவற்றில் ஒன்றில் சேர்த்துவிடுங்கள். சீட்டைக் குப்பிக்கு வெளியே ஒட்டாமல் உள்ளேயே போடுங்கள். எத்தனாலில் கரையாதபடி பென்சிலால் எழுதுங்கள்: ஊர், வட்டம், அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, செடி, எந்தப் பூச்சியின் எந்தப் பருவத்திலிருந்து வந்தது, எடுத்தவர் பெயர்.